வண்டி முதலாளியுடையது, உடல் யாருடையது?

லாரி புறப்படுமுன் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். தண்ணீர் பார்க்கிறார்கள், ஆயில் பார்க்கிறார்கள், டீசல் பார்க்கிறார்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கயிற்றை முறுக்கிப் பார்க்கிறார்கள். எஃப்.சி. உண்டா, இன்சூரன்சு உண்டா, பர்மிட் உண்டா என்று காகிதங்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்! வண்டி முதலாளியுடையது; பார்க்கவேண்டியது அவர் கடமை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நாள்தோறும் நடக்கும் காட்சி இது. இதில் நாம் குற்றம் காணவில்லை.

வண்டியைப் பார்த்த அதே கண், அடுத்தபடியாக ஓட்டுநரின் உடல்மீது திரும்புகிறதே, அங்கேதான் நாம் குறுக்கே வந்து நிற்கிறோம். நின்று கேட்கிறோம்: அய்யா, வண்டி உம்முடையது; வண்டியை ஓட்டுகிறவனின் உடலுமா உம்முடையது?

ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள், தோழர்களே! லாரி ஆபீசு வாசலில் பந்தல். பந்தலின் கீழே மேசை, நாற்காலி, வெள்ளைத்துணி. "இலவச மருத்துவ முகாம்" என்று பலகை. இலவசம் என்றதும் நம் ஓட்டுநர் நெகிழ்ந்துபோகிறார். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டுகிறார். இரத்தம் எடுக்கிறார்கள். என்னென்ன சோதிக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் கழித்து முடிவு வருகிறது. யார் கைக்கு? அவர் கைக்கு அல்ல, முதலாளியின் மேசைக்கு!

"ஏப்பா, உன் இரத்தத்துல என்னமோ இருக்குதாமே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே, மொதலாளி."

"எனக்குத் தெரியும். இந்த நடைக்கு வேற ஆளைப் போட்டாச்சு. நீ வீட்டுக்குப் போய் ஒடம்பைப் பாரு."

முடிந்தது கதை! தன் உடம்பைப்பற்றித் தானறியாத ஒன்றை முதலாளி அறிந்திருக்கிறார். முதலாளி அறிந்தது மாலைக்குள் மேனேஜருக்குத் தெரிகிறது. மேனேஜர் அறிந்தது இரவுக்குள் கிளீனருக்குத் தெரிகிறது. மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் அது பேச்சு. மூன்றாம் நாள் ஓட்டுநரின் ஊரில், அவர் மகளுக்குப் பெண்பார்க்க வரவிருந்தவர்கள் வராமல் நிற்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு துளி இரத்தம் உறைவதற்குள் ஒரு குடும்பத்தின் மானம் கப்பலேறிவிட்டது.

நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே நாம் விவரிக்கவில்லை. நடப்பதற்கு வாசல் எவ்வளவு அகலத் திறந்துகிடக்கிறது என்பதைக் காட்டவே இந்தக் காட்சியைத் தீட்டினோம்.

"அப்படியானால், நோய் கொண்டவன் வண்டி ஓட்டட்டும், வழியில் போகிற மக்கள் சாகட்டும் என்கிறீர்களா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்லுகிறோம்.

பல டன் சரக்கோடு நெடுஞ்சாலையில் பாய்ந்துவரும் லாரியை ஓட்டுகிறவருக்குக் கண் தெரியவேண்டும், காது கேட்கவேண்டும், நினைவு தப்பக்கூடாது. இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. எதிரே வரும் பேருந்தில் இருப்பவனும் ஏழைதான். சாலையோரம் நடப்பவளும் நம் தாய்தான். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து எவருடைய உரிமைக்கும் நாம் வாதாடமாட்டோம்.

ஆனால், சாலைப் பாதுகாப்புக்கு எதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று சட்டம் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறதே, அதைப் படித்துப் பார்த்தார்களா? மத்திய மோட்டார் வாகன விதிகளில் படிவம் 1 என்று ஒன்று உண்டு. படிவம் 1-ஏ என்று மற்றொன்று உண்டு. முன்னது ஓட்டுநர் தாமே எழுதித் தரும் உறுதிமொழி. பின்னது மருத்துவர் பார்த்துத் தரும் சான்று. சரக்கு வண்டி, பயணிகள் வண்டி ஓட்டும் உரிமம் கேட்கிறவருக்கு அந்தச் சான்று கட்டாயம். அவற்றில் கேட்கப்படுபவை என்ன? வலிப்பு உண்டா, திடீரென நினைவு தப்புமா, தலைசுற்றுமா? 25 மீட்டர் தொலைவில் உள்ள மோட்டார் வண்டியின் எண் பலகையை நல்ல பகல் வெளிச்சத்தில் படிக்க முடியுமா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியுமா? மாலைக்கண் உண்டா? ஹாரன் சத்தம் கேளாத அளவுக்குச் செவிடா? கை கால் குறை உண்டா? வண்டி ஓட்டினால் மக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் வேறு நோய் உண்டா?

அவ்வளவுதான்! கேள்விகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஸ்டியரிங்கோடு தொடர்புடையது. ஒவ்வொன்றும் சாலையோடு தொடர்புடையது. படுக்கையறையோடு தொடர்புடைய கேள்வி ஒன்றுண்டா? பாட்டன் எந்த நோயில் செத்தான் என்ற கேள்வி உண்டா? இல்லை. அந்தச் சான்றும் எங்கே போகிறது? உரிமம் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு. "ஓட்டத் தகுதி உண்டு" என்று அரசு முடிவு செய்து உரிமம் தருகிறது. முதலாளி பார்க்கவேண்டியது அந்த உரிமத்தை. தகுதி தெரிந்தால் போதும் அவருக்கு; உடலின் சரித்திரம் எதற்கு?

இன்னும் விளங்கவில்லையா? முதலாளிகளுக்கே புரியும் உவமையில் சொல்லுகிறோம். சரக்கு ஏற்ற வருகிற வியாபாரி, "உன் லாரிக்கு எஃப்.சி. இருக்கிறதா?" என்று கேட்கிறார். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கொடுத்த எஃப்.சி.யை முதலாளி காட்டுகிறார். சரி. அதற்குமேல் அந்த வியாபாரி, "லாரிக்கு யாரிடம் கடன் வாங்கினாய்? எத்தனை தவணை பாக்கி? வீட்டு நகை எந்தக் கடையில் இருக்கிறது? அந்தக் கணக்கையும் கொடு, என் ஆபீசில் வைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் முதலாளி என்ன சொல்வார்? "சரக்கை ஏற்றுவதானால் ஏற்று, இல்லையானால் இறக்கு, என் வீட்டுக் கணக்கைக் கேட்க நீ யார்?" என்று சீறமாட்டாரா? சீறுவார், சீறவேண்டும். அந்தச் சீற்றத்தில் கால்பங்கு ஓட்டுநருக்கும் உண்டு என்றுதான் நாம் சொல்லுகிறோம். இரும்பு வண்டிக்கு எஃப்.சி. போதும், எலும்பும் தோலுமான மனிதனுக்கு மட்டும் போதாதா?

இந்த அவமானம் நம் ஓட்டுநர்களுக்குப் புதியதுமல்ல. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில். அதன்பிறகு வந்த ஆண்டுகளில் எய்ட்ஸ் தடுப்புப் பணிகள் நாடெங்கும் தொடங்கின. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. அந்தப் பணிகளால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை; எத்தனையோ உயிர்களைக் காத்த பணி அது. ஆனால் அந்த நாள்களில் லாரி ஓட்டுநருக்கு அரசாங்க ஏடுகளில் வைக்கப்பட்ட பெயர் என்ன தெரியுமா? "பாலம்"! நோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடந்துபோகும் பாலமாம்! பஞ்சாபின் கோதுமையைத் தெற்கே கொண்டுவந்தபோது அவன் பாலம் என்று யாரும் பாராட்டவில்லை. நாமக்கல் முட்டையை நாட்டின் பல மூலைகளுக்கும் உடையாமல் சேர்த்தபோது அவன் பாலம் என்று யாரும் போற்றவில்லை. நோய் வந்ததும் பாலமாகிவிட்டான்! சொன்னவர்கள் கணக்குக்காகச் சொன்னார்கள். ஊர் அதைக் கறையாகப் பூசியது. லாரி ஓட்டுகிறான் என்றாலே ஏற இறங்கப் பார்த்த காலமும் இருந்தது. நோய் இல்லாதவனுக்கே அந்தப் பார்வை என்றால், நோய் உள்ளவனின் தாள் முதலாளியின் மேசையில் கிடந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை பம்பாய் உயர்நீதிமன்றம் 1997-இல் கண்டது. அரசுத் துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக உழைத்த ஒருவரை மருத்துவ சோதனைக்கு அனுப்பினார்கள். இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முடிவு வந்தது. வேலைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அவரால் வேலை செய்ய முடியுமா, முடியாதா என்று பார்த்தார்களா? அதே சோதனை அவர் வேலைக்குத் தகுதியானவர் என்றே காட்டியது! தகுதி இருந்தும் தள்ளினார்கள். வழக்காடினார். வேலை செய்யும் திறன் இருக்கிறவனை, பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து விளைவிக்காதவனை, கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக விரட்டுவது அரசியல் சட்டத்திற்கு விரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் தொழிலாளியின் பெயர் இல்லை. இரண்டே எழுத்துக்கள்தாம் இருக்கின்றன. பெயர் வெளியே தெரிந்தால் வழக்கில் வென்றும் வாழ்க்கையில் தோற்றுவிடுவார் என்று நீதிமன்றமே அவர் பெயரை மறைத்துக் காத்தது. நீதிபதிக்குத் தெரிந்த இந்த நாகரிகம் லாரி ஆபீசு மேனேஜருக்குத் தெரியவேண்டாமா?

அந்தத் தீர்ப்பு வந்து 20 ஆண்டுகள் கழித்து, 2017-இல், எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 2018 செப்டம்பர் 10 அன்று அது நடைமுறைக்கு வந்தது. வேலை தருவதற்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். வேலையில் நீடிப்பதற்கும் கேட்கக்கூடாது. விவரமறிந்து ஒருவர் ஒப்புக்கொண்டாலன்றிச் சோதிக்கக்கூடாது. ஒருவரின் நிலையை, சட்டம் வகுத்த சில விலக்குகள் தவிர, அவருடைய எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் வெளியிடக்கூடாது. இந்த நோயைக் காட்டி வேலையிலிருந்து நீக்கவேண்டுமானால், தகுதி வாய்ந்த, சார்பற்ற மருத்துவர் எழுத்தில் தந்த மதிப்பீட்டின் நகலைத் தொழிலாளியின் கையில் கொடுக்கவேண்டும். வேறு வழி செய்து அவரை வைத்துக்கொள்ள ஏன் இயலவில்லை என்பதையும் முதலாளி எழுத்தில் தரவேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைகேட்கும் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும்.

நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் நூறு பேர் வேலை செய்யும் லாரி ஆபீசுகள் எத்தனை? ஒரு லாரி, இரண்டு லாரி, ஐந்து லாரி வைத்திருப்பவர்கள் எத்தனை? கணக்கை நாமக்கல் சாலையில் நின்று பார்த்தாலே தெரியும். சட்டம் நூறு பேரின் வீட்டு வாசலில் காவலாளியை நிறுத்தியிருக்கிறது. நான்கு பேர் வேலை செய்யும் குடிசைக்கும் அதே பூட்டுத்தான். காவலாளி மட்டும் இல்லை.

அடுத்த கேள்வி. எச்.ஐ.வி.க்குச் சட்டம் வந்தது, மற்ற நோய்களுக்கு? சர்க்கரைக்கு? இரத்தக் கொதிப்புக்கு? காசத்திற்கு? மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு? இவற்றுக்கு அந்தச் சட்டத்தைப்போலத் தனிச்சட்டம் இல்லை.

நீதிமன்றங்கள் வழி காட்டியிருக்கின்றன என்பது உண்மை. 1991-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் வேலை விண்ணப்பத்தில் பெண்களிடம் மாதவிலக்கைப்பற்றியும் கருவுற்றதைப்பற்றியும் விவரம் கேட்ட பத்திகள் இருந்தன. தவறான விவரம் தந்தார் என்று ஒரு பெண் ஊழியரை நீக்கினார்கள். உச்சநீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தியதோடு, தன்மானமுள்ள எந்தப் பெண்ணும் பதில் எழுதக் கூசும் அந்தப் பத்திகளை எடுத்துவிடச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் காக்கப்படுவது அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் டில்லியில் பிறந்த உரிமை, பரமத்தி சாலையில் இருக்கும் லாரி ஆபீசின் மேசை இழுப்பறைவரை நடந்துவர வேண்டுமானால், அதற்குக் கால் வேண்டும். அந்தக் கால்தான் தெளிவான சட்டம்.

"2023-இல் சட்டம் போட்டார்களே!" என்பார்கள். போட்டார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். தனிமனிதரைப்பற்றிக் கணினியில் ஏறும் விவரங்களுக்குக் காவல் என்றார்கள். திறந்து பார்த்தோம். கணினியில் ஏறினால்தான் காவல். மேனேஜரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதிவைத்தால் அந்தச் சட்டம் அந்தப் பக்கமே வராது. நோயைப்பற்றிய விவரம் மற்ற விவரங்களைவிட மென்மையானது, அதற்குத் தனிக்காவல் வேண்டும் என்ற பிரிவு இல்லை. அதுமட்டுமா? வேலை தொடர்பான காரியங்களுக்காகவும், முதலாளிக்கு நட்டமோ பொறுப்போ நேராமல் காப்பதற்காகவும், தொழிலாளியின் ஒப்புதலைப் பெறாமலே அவர் விவரத்தைக் கையாளலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்! முன்வாசலுக்குப் பூட்டு, பின்சன்னலுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. விதிகள் வெளிவந்ததே 2025 நவம்பரில்தான். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதற்குமேல் 18 மாதத் தவணை.

அதே 2025 நவம்பரில், 21-ஆம் நாள், தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையை முதலாளி நடத்தித் தரவேண்டும் என்கிறது. 40 வயது கடந்தவர்களுக்கு என்று அரசு விளக்கம் தந்தது. சோதனை வேண்டும் என்பதே நம் கட்சி. நாற்பதைக் கடந்த ஓட்டுநருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் உயிரைக் காக்கும் காரியம். ஆனால் பணம் கொடுப்பவர் முதலாளி; மருத்துவரை அழைப்பவர் முதலாளி; இடம் தருபவர் முதலாளி. முடிவு மட்டும் யார் கைக்குப் போகும்? நாம் தொடக்கத்தில் தீட்டிய பந்தலும் மேசையும் வெள்ளைத்துணியும் இப்போது உங்கள் நினைவுக்கு வருகின்றனவா? இந்த நேரத்தில் கேட்காவிட்டால், எந்த நேரத்தில் கேட்பது?

இந்த நோய்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்போம். இரவெல்லாம் இருக்கையில் அமர்ந்து எஞ்சின் சூட்டில் வெந்து, கிடைத்த இடத்தில் கிடைத்ததைத் தின்று, தூக்கத்தை டீயால் விரட்டி, செக்போஸ்டில் நின்று, லோடு இறக்கக் காத்துக்கிடந்து பெற்ற வரங்கள்தாமே இவை? நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே வரம்பு கட்டியது. நெடுந்தொலைவு ஓடும் லாரியில் அந்த வரம்பை எந்தக் கடிகாரம் காட்டியது?

டில்லியிலிருந்து ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் லாரி ஓட்டிவந்தார் ஓர் ஓட்டுநர். நெஞ்சில் ஏதோ செய்தது. அந்த நிலையிலும் வண்டியைச் சாலையோர ஓட்டல் பக்கம் பத்திரமாக நிறுத்தினார். நிறுத்திவிட்டுச் சாய்ந்தார், எழவில்லை. அவர் குடும்பத்துக்கு இழப்பீடு தரவேண்டியதில்லை, அது மாரடைப்பு, வேலைக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று வாதாடினார்கள். உச்சநீதிமன்றம் 2012-இல் அந்த வாதத்தைத் தள்ளியது. நெடுந்தொலைவு லாரி ஓட்டும் உழைப்புக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று கூறி இழப்பீடு வழங்கியது. சாகும் நேரத்திலும் முதலாளியின் வண்டிக்குச் சேதம் வராமல் ஓரங்கட்டியவன் தொழிலாளி! அந்த மனிதனின் நெஞ்சைப்பற்றிய தாள் முன்கூட்டியே எதிர்த்தரப்பின் கையில் இருந்திருந்தால் எப்படிப் பயன்பட்டிருக்கும்? "பழைய நோய், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்பதற்குச் சாட்சியாகத்தானே!

வீண் ஐயம் என்று நினைக்கவேண்டாம். கடல்கடந்து அமெரிக்காவில் நடந்தது இது. பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே என்னும் இரயில்வே நிறுவனத்தில், வேலையால் கை மணிக்கட்டு நரம்பு கெட்டது என்று இழப்பீடு கேட்ட தொழிலாளர்களின் இரத்தத்தை எடுத்தார்கள். மணிக்கட்டு வலிக்கு இரத்தம் எதற்கு? வலி வேலையால் வந்ததல்ல, பிறவியிலேயே மரபில் உள்ள கோளாறு என்று காட்ட முடியுமா என்று அவர்கள் அறியாமலே மரபணுச் சோதனை செய்தார்கள்! 2001-இல் அரசாங்கத்தின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2002-இல் 22 இலட்சம் டாலர் தந்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2008-இல் மரபணு விவரத்தை முதலாளி கேட்கவே கூடாது என்று அந்த நாட்டில் தனிச்சட்டம் வந்தது.

அதே நாட்டில் லாரி ஓட்டுநருக்கும் மருத்துவ சோதனை உண்டு; நம் நாட்டைவிடக் கடுமையாகவே உண்டு. அதிகம் போனால் 24 மாதத்திற்கு ஒருமுறை சான்று புதுப்பிக்கவேண்டும். ஆனால் சோதனை விவரம் எழுதிய நீண்ட படிவம் வேறு. தகுதியைக் கூறும் சான்றுத்தாள் வேறு. தகுதி உண்டு, கண்ணாடி அணிந்து ஓட்டவேண்டும் என்பதுபோன்ற முடிவுகளே சான்றில் இருக்கும். முதலாளியின் கைக்கு வரும் மருத்துவ விவரம் எதுவானாலும் மற்றக் காகிதங்களோடு கலக்காமல் தனிக்கோப்பில் இரகசியமாக வைக்கவேண்டும் என்று 1990-இல் வந்த மாற்றுத்திறனாளர் சட்டம் கட்டளையிடுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஓட்டுநர், தனி விலக்குப் பெற்றாலன்றி மாநிலம் கடந்து லாரி ஓட்டக்கூடாது என்றிருந்த விதியையும் 2018-இல் மாற்றினார்கள். இன்சுலின் என்ற சொல்லைக் கண்டு அஞ்சாதே, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று அவருக்கு மருத்துவம் செய்பவரைக் கேள் என்றார்கள். முதலாளித்துவத்தின் தலைநகர் என்று நாம் சொல்லும் நாட்டிலேயே முதலாளிக்கு இந்த வேலி இருக்கிறது! இங்கே கேட்டால் மட்டும் பேராசையா?

சாலைப் பாதுகாப்பைக் காட்டி நம்மை மடக்க நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இரகசியம் காக்கப்படாத இடத்தில் உண்மை பிறக்காது. சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தவன் சொல்லுவானா? தலை சுற்றினாலும் சொல்லமாட்டான். சர்க்கரை மாத்திரையை வெற்றிலைப் பொட்டலத்தில் ஒளித்து வைப்பான். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்க மாதம் ஒருநாள் விடுப்புக் கேட்டால், "எதுக்குப்பா மாசாமாசம் லீவு?" என்ற கேள்வி வரும் என்று அஞ்சி மாத்திரையையே நிறுத்துவான். 2004 ஏப்ரல் முதல் எச்.ஐ.வி.க்கு அரசு இலவசக் கூட்டு மருந்து தருகிறது; ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்றவரைப்போல உழைத்து வாழ்கிறார். அந்த மருந்தை அச்சத்தால் நிறுத்தினால் அழிவது யார்? மறைத்துக்கொண்டு ஓட்டும் நோயாளியைவிட, மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசி மருந்து சாப்பிட்டு ஓட்டுகிறவரே சாலைக்குப் பாதுகாப்பு. ஆகவே ஓட்டுநரின் இரகசியத்தைக் காப்பது, எதிரே வரும் பேருந்தில் உள்ள குழந்தையைக் காப்பதுமாகும்.

முதலாளிகள் எல்லாரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நேற்றுவரை ஸ்டியரிங் பிடித்து, கடன் வாங்கி ஒரு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஓட்டுநர் மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் விடியவிடியக் காத்திருக்கும் முதலாளிகளும் உண்டு. அவர்களைத்தான் நாம் முதலில் கேட்கிறோம்: உங்கள் உடம்புத் தாளை இன்னொருவர் மேசையில் போட்டுவைக்க நீங்கள் சம்மதித்திருப்பீர்களா?

நாம் கேட்பது மிகையல்ல. ஓட்டுநரைச் சோதிக்கும் மருத்துவர் முதலாளிக்குத் தரவேண்டியது ஒரே வரி: ஓட்டலாம்; ஓட்டக்கூடாது; அல்லது இன்ன நிபந்தனையோடு ஓட்டலாம். சோதனையின் முழு விவரம் ஒட்டிய உறையில் ஓட்டுநர் கைக்கே போகவேண்டும். என்ன சோதிக்கப் போகிறோம் என்று சொல்லாமல் இரத்தம் எடுக்கக்கூடாது. ஓட்டக்கூடாது என்று ஒருவர் சொன்னால் வேறொரு மருத்துவரிடம் காட்ட உரிமை வேண்டும். அந்த முடிவு வரும்வரை அவர் வீட்டு அடுப்பு எரியவேண்டும். ஓட்ட முடியாதவருக்குப் பட்டறையிலோ புக்கிங்கிலோ மாற்று வேலை இருந்தால் தரவேண்டும். ஓட்டுநரின் மருத்துவத் தாளைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது தண்டனைக்குரிய குற்றம் ஆகவேண்டும். இவற்றை எல்லா நோய்க்கும், எல்லா ஆபீசுக்கும், ஒரு லாரி வைத்திருப்பவருக்கும் நூறு லாரி வைத்திருப்பவருக்கும் பொதுவாகச் சட்டமாக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவேண்டுமா? வேண்டாம், தோழர்களே! வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முகாமில் இரத்தம் கொடுக்குமுன் "என்ன பார்க்கிறீங்க? முடிவு யாருக்குப் போகும்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்லுங்கள். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்று 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள் கூறுகின்றன. நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமுதாயத்துக்கோ நேரவிருக்கும் பெருந்தீங்கு, அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய் ஆகியவை தவிர வெளியிடக்கூடாது. அதே விதிகளின்படி, உங்கள் மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் உங்களுக்குத் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்க அச்சமானால் சங்கத்தோடு சென்று கேளுங்கள்.

ஒன்றுமட்டும் நினைவிருக்கட்டும். வலிப்போ, மயக்கமோ, கண்மங்கலோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் "ஓட்டாதே" என்றால் ஓட்டாதீர்கள். அந்த நேர்மை நம்மிடம் இருந்தால்தான் உரிமை கேட்கும் குரலுக்கு வலிவு உண்டு.

பக்கத்து லாரியின் ஓட்டுநரைப்பற்றி டீக்கடையில் யாரேனும் முணுமுணுத்தால், காது கொடுக்காதீர்கள். "அவன் உடம்பு, அவன் பாடு, வண்டியை நல்லா ஓட்டுறானா, அதைச் சொல்லு" என்று வாயடையுங்கள். முதலாளியின் மேசையில் நாம் கேட்கும் பூட்டை, முதலில் நம் நாவில் போடுவோம்.

வண்டி முதலாளியுடையது. சரக்கு வியாபாரியுடையது. சாலை மக்களுடையது. ஓட்டுகிறவனின் உடல் அவனுடையது. இதை ஏட்டில் எழுதிவைக்கும் நாள்வரை எழுதுவோம், பேசுவோம், கேட்போம்!